கடை திறக்கச் சொன்ன பண்டிதர்

ஒரு காலத்தில் செங்கழுநீர் நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அவனை மேய்த்துக்கொண்டு போனவர் மந்திரி நயினார்.

ஒரு நாள் ராஜாவுக்குப் பொல்லாத வயிற்றுவலி. மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்த உண்ணாமுலை ஆச்சி ஒரு சூரணம் கொடுத்தாள். வலி பறந்தது.

"என்ன வேண்டும், கேள்!" என்றான் ராஜா.

"ஒண்ணும் வேணாம் மகாராஜா. கடைதான் எனக்குக் கோயில். சரக்கைச் சுத்தமாக் குடுக்கறதுதான் பூசை."

"அடடா! இந்த வருஷம் திருவிழாவில் முதல் மரியாதை உனக்குத்தான்!"

அரசவைப் பண்டிதர் அகத்தீசருக்குச் சுருக்கென்றது. வருஷாவருஷம் அவர் தலையில் கட்டும் பரிவட்டம் அது.

"விற்கிறவளுக்குப் பக்தி எங்கே அரசே? நிஜ பக்தை என்றால் கடையை மூடிவிட்டுக் கோயிலில் தியானத்தில் உட்காரட்டும், திருவிழா முடியும்வரை!"

"அதுவும் சரிதான்!" என்றான் ராஜா.

நயினார் கைகட்டி எழுந்தார். "ஒரே விண்ணப்பம். ஆச்சியை எழுப்பும் அதிகாரம் பண்டிதர் ஒருவருக்கே இருக்கட்டும். எழுப்பினால், ஏன் எழுப்பினேன் என்று அவர் சபையில் சொல்ல வேண்டும்."

பண்டிதருக்கு உச்சி குளிர்ந்தது. நானாவது எழுப்புவதாவது!

ஆச்சி கோயில் மண்டபத்தில் கண்மூடி உட்கார்ந்தாள். மறுநாளே பண்டிதர் வீட்டு வாசலில் கூட்டம். இருமும் குழந்தையோடு செம்பாயி என்ற நெசவுக்காரி கும்பிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. புள்ளை மூச்சு விட முடியாமக் கெடக்கு."

"தவத்தைக் கலைப்பது பாவமம்மா," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகும் அந்த இருமல் கேட்டது. உள்ளறைக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே, பிள்ளை பெற்றிருந்த அவர் மகளுக்கு ஜன்னி கண்டது. வைத்தியர் கைவிரித்தார். "இதற்கான சரக்கு ஆச்சி கடையில்தான் இருக்கிறது."

பண்டிதர் மேல்துண்டு நழுவியது தெரியாமல் ஓடினார். மண்டபத்தில் நயினார் நின்றிருந்தார்.

"தவம் நடக்கிறதே பண்டிதரே?"

பண்டிதர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆச்சி, எழுந்திரம்மா. கடையைத் திற."

ஏன் என்று கேட்காமல் ஆச்சி எழுந்தாள். அவள் கடைக்கு வருவதற்குள் தெருவே திரண்டுவிட்டது. எல்லாருக்கும் முன்னால் செம்பாயி, தோளில் துவண்ட குழந்தையோடு. பண்டிதர் மகளுக்கு ஜன்னி என்று ஆச்சியிடம் சொல்வதைக் கேட்டாள்.

"சாமி வீட்டுக்கு மொதல்ல குடுங்க ஆச்சி. பச்சை உடம்பு, தாங்காது," என்று ஒதுங்கி நின்றாள்.

அவருக்குக் காது மடல் எரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கை நீண்டுவிட்டது.

பொட்டலத்தைக் கட்டிய ஆச்சி, கொடுக்குமுன் ஒரு கணம் கண்ணை மூடினாள்.

"என்னம்மா அது?"

"சாப்பிடறவங்க பொழைக்கணும்னு நெனைச்சுக்குவேன் சாமி. ஒவ்வொரு பொட்டலத்துக்கும்."

"நான் மூட்டுவலிக்கு வாங்கினபோதும்?"

"ஆமா. உங்களுக்குந்தான்."

மகள் பிழைத்தாள். செம்பாயியின் குழந்தையும் பிழைத்தது.

சபையில் ராஜா கேட்டான். "ஊரே கேட்டபோது வராத வார்த்தை, உமது மகளுக்கு மட்டும் எப்படி வந்தது?"

பண்டிதர் தலை நிமிரவில்லை. "பக்திக்காக அவளை உட்காரவைக்கவில்லை அரசே. பரிவட்டம் கைவிட்டுப் போகிறதே என்ற வயிற்றெரிச்சல். இத்தனை வருஷம் பூஜை செய்தேன். அடுத்தவன் பிழைக்கட்டும் என்று ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. அவள் கடையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்."

ராஜா மீசையைத் தடவுவதை நிறுத்தினான். உத்தரவு போட்டது அவன்தானே!

"நயினாரே, எனக்கும் சேர்த்துப் பாடம் சொல்லத்தானே அந்த விண்ணப்பம்?"

"தங்களுக்கு வயிற்றுவலி திரும்ப வருவதற்குள் கடை திறக்க வேண்டுமே என்ற கவலைதான் மகாராஜா."

ராஜா சிரித்துவிட்டுத் தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பண்டிதரைத் தண்டிக்கவில்லை. "பரிவட்டத்தை ஆச்சிக்கு நீரே கொண்டுபோய்க் கொடும்," என்றான்.

திருவிழா அன்று பண்டிதர் பரிவட்டத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு கடைக்குப் போனார். ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாராயிருந்தாலும் செத்த நில்லுங்க, பெரியவருக்குக் கஷாயச் சரக்குக் கட்டிட்டிருக்கேன்," என்றாள்.

பண்டிதர் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.