கூப்பிட்டுட்டு ஒளிஞ்ச சில்வண்டு

படு. மொதல்ல காலை நீட்டிப் படு, அப்பத்தான் சொல்லுவேன். அத்தைக்கே கண்ணு சொருகுது.

ஒரு ஊர்ல ஒரு கடலைக்காடு. அந்தக் காட்டுத் தரையில ஒரு சில்வண்டு இருந்துச்சு, பேரு தங்கப்பழம். மரம் ஏறாது, உன் சுண்டுவிரல் நகத்தண்டிதான் இருக்கும். ஆனா சத்தம்? ரெக்கையோட ரெக்கையத் தேச்சு சிர்ர்ர்... சிர்ர்ர்னு காட்டையே கூப்பிடும். எதுக்கு? பொண்ணு வேணுமாம். பனி கொட்டுனா ஆயுசு முடிஞ்சுது. அதுக்குள்ள கல்யாணம் ஆகணும், மண்ணுக்குள்ள முட்டை வைக்கணும். கேக்கியா?

"ம்."

அப்போ அந்தச் சத்தத்தைக் கேட்டு செல்லக்கனின்னு ஒரு பொண்ணு சில்வண்டு கெளம்பி வந்தா. சரக் சரக்குன்னு சருகு மேல நடந்து கிட்ட வந்தா பாரு, இந்தப் பய பொசுக்குன்னு நிறுத்திட்டான். அவ நடக்கதுல தரை அதிருதாம், அதுக்குப் பயமாம்! சத்தம் இல்லைன்னா அவ எங்கன போய்த் தேடுவா? சுத்திச் சுத்திப் பாத்துட்டுத் திரும்பிட்டா.

அப்புறம் மறுநாள் பொழுது சாய மறுபடியும் சிர்ர்ர். பாவம், மறுபடியும் வந்தா. சரக் சரக். உடனே கப்சிப்! எனக்கு வார கோவத்துக்கு... சிரிக்காத, கண்ணை மூடு.

மூணாம் நாள் லேசாப் பனி எறங்கிட்டு. அப்பவும் சிர்ர்ர். அப்போ செல்லக்கனி என்ன செஞ்சா? அவன் பாடுனா நடந்தா, நிறுத்துனா அசையாம நின்னா. அப்படியே போய் அவன் மூஞ்சிக்கு நேரா நின்னுட்டா.

"ஏன்வே, கூப்பிடுததும் நீரு, வந்தா ஒளியுததும் நீரா?"

தங்கப்பழம் ஒரு எட்டு பின்னால போனான். "வாரது நீயா தவளையான்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க அண்ணன் நிறுத்தாமப் பாடுனான். தவளை வந்து லபக்குன்னு முழுங்கிட்டு."

"தவளை உமக்கு மட்டுந்தானா? மூணு நாளா தனியா நடந்து வந்தேனே, நான் பயப்படாமலா வந்தேன்?"

அதைக் கேட்டு அவன் அவகிட்ட நகந்து வந்தான். கேக்கியா?

"ம்..."

சில்வண்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளை தன் பின்னங்கால் முள்ளைப் பொண்ணுக்குக் கடிக்கக் குடுக்கணும், அதான் சீர். நீட்டுனான். நறுக் நறுக்குன்னு ஆத்திரம் தீரக் கடிச்சா. வலிச்சுது, ஆனா காலை இழுக்கல.

அப்புறம் அவ ஈர மண்ணைக் குத்திக் குத்தி முட்டை வச்சா. அதுவரைக்கும் தங்கப்பழம் நொண்டி நொண்டி எட்டப் போய் நின்னு சிர்ர்ர்னு பாடுனான், தவளை வந்தா அவளை விட்டுட்டு எங்கிட்ட வரட்டும்னு. தரை அதிர்ந்துச்சு. நிறுத்தல.

தவளை வந்துச்சான்னு கேக்காத. முட்டை பூரா வச்சு முடிச்சுட்டா. கதை அம்புட்டுத்தான், போர்வைக்குள்ள போ.