வைத்தியச்சிக்குத் தூக்கம் வராத வீடு

உப்புக்காற்றும் ஊர்க்கதவுகளும் இன்னும் சண்டை போட்டுக்கொள்ளாத காலத்தில், கடலோரமாய் ஒரு ஊர் இருந்ததாம். சங்கந்துறை என்று பேர். அந்த ஊரில் சுவர் எழுப்புவது கொத்தனார் வேலை, கூரை போடுவது தச்சர் வேலை. அவர்களெல்லாம் போன பிறகு, உள்ளே எது எங்கே இருக்க வேண்டும், எந்தத் துணி எந்த ஜன்னலுக்கு, எந்த விளக்கு எந்த மூலைக்கு என்று பார்த்துத் தேடிக் கொண்டுவந்து வைப்பது மங்கலையின் வேலை.

மங்கலை குரு. அவளுக்கு ஒரே ஒரு சீடன், கூத்தன். குருவுக்குத் தலை கறுப்பு, சீடனுக்குத்தான் நரை. பாதி ஆயுசு கப்பலுக்குச் சாமான் ஏற்றி இறக்கிய ஆள். ஒருநாள் மங்கலை செய்து முடித்த ஒரு கூடத்துக்குள் மூட்டையோடு நுழைந்தவன், மூட்டையை இறக்க மறந்து அப்படியே நின்றுவிட்டான். அன்றையிலிருந்து அவள் பின்னால்தான். அவள் அவனை 'அண்ணே' என்பாள். அவன் அவளைத் 'தாயி' என்பான்.

"என்ன, அண்ணனுக்குத் தாயி பாடம் சொல்லிக் குடுத்தாச்சா?" என்று மீன் விற்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

அந்த வருஷம் கூத்தனின் மனைவி பவளாயிக்குக் கண்ணில் படலம் விழுந்தது. முதலில் ஊசிக் காது மறைந்தது. அப்புறம் வாசல் கோலம் மறைந்தது. புருஷன் முகம் பாதிதான் தெரிகிறது என்று அவள் சொன்ன சமயத்தில், மலைகளுக்கு அந்தப்பக்கத்துத் தேசத்திலிருந்து ஒரு வியாபாரக் கூட்டத்தோடு கண் வைத்தியச்சி ஒருத்தி வந்து சேர்ந்தாள். நைரா என்று பேர். வழியில் வியாபாரிகளிடம் கற்ற தமிழ் அவளுடையது. ஏட்டைப் பார்த்து வாசிப்பது போலப் பேசுவாள்.

பவளாயியின் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு வருடம் மருந்து இட வேண்டும். நடுவில் நிறுத்தினால் திரும்பி வந்த ஒளியும் போய்விடும்" என்றாள்.

"ஒரு வருஷம் இங்கே இருப்பீங்களா?" என்று கேட்டான் கூத்தன்.

நைரா மருந்துக் குப்பியை மூடினாள்.

ஊர் அவளுக்குக் கடலைப் பார்த்த வீடு ஒன்று கொடுத்திருந்தது. பகலெல்லாம் அங்கே உட்கார்ந்து கண் பார்ப்பாள். பொழுது சாய்ந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஊர் எல்லையில் நின்ற தன் கூண்டுவண்டிக்குப் போய் அதற்குள் படுத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால், "அங்கே தூக்கம் வரவில்லை" என்பாள். வந்த கூட்டம் தை மாதம் ஊர் திரும்பும். அதோடு வைத்தியச்சியும் போய்விடுவாள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் மங்கலையிடம் வந்தார்கள். "அந்தம்மாவுக்குத் தூக்கம் வர்ற மாதிரி அந்த வீட்டைச் செஞ்சு குடும்மா."

மங்கலை கூத்தன் பக்கம் திரும்பினாள். "இந்த வீடு உங்களுது அண்ணே."

"நானா? நான் இன்னும் உங்க பின்னால மூட்டை தூக்குற ஆளுதானே தாயி."

"அவங்க இங்கே இருந்தா ஊருக்கு நல்லது. உங்களுக்கு இருந்தே ஆகணும். நீங்களே செய்யுங்க."

கூத்தன் யோசித்தான். யோசித்ததும் முகம் வெளிச்சமானது. "அவங்க தேசத்துக்கே போயிட்டு வர்றேன் தாயி. அங்கே இருக்கிறது இங்கே இருந்தாத் தூக்கம் வந்துரும். என்னென்ன வாங்கிட்டு வரணும்னு சொல்லுங்க."

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும்" என்றாள் மங்கலை.

கோவேறு கழுதை ஒன்றை ஓட்டிக்கொண்டு அவன் கிளம்பினான். கடல் முதுகுக்குப் பின்னால் ஒரு கோடாகி, பிறகு வெறும் சத்தமாகி, பிறகு இல்லாமலே போனது. மலையில் மேகம் பாதையில் படுத்துக் கிடந்தது. தூங்குகிற ஆடுமாட்டை மிதிக்காமல் போவது போல அதை ஒதுங்கி நடந்தான். ஒரு குகையில், யாரோ எந்தக் காலத்திலோ செம்மண்ணால் வரைந்த மான்கள் இருந்தன. தீப்பந்தத்தை எந்தப் பக்கம் ஆட்டினானோ அந்தப் பக்கம் ஓடின. கணவாய் தாண்டினால் கதவுகளுக்கு மட்டும் நீலம் பூசிய ஊர். அடுத்த ஊர்ச் சந்தையில் மாதுளம்பூ தைத்த திரைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் போனார்கள். ஒரு தோட்டமே எழுந்து நடந்து போவது போல இருந்தது.

கூத்தன் பார்த்ததையெல்லாம் மனசுக்குள் விலை பேசிக்கொண்டே போனான். ஆனால் எதையும் வாங்கவில்லை. கடைசியில் நைராவின் வீட்டுக் கதவைத் தட்டினான்.

நைராவின் அம்மா அவனுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். பாஷை புரியாது. கையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டி, பிறகு கையை விரித்தான்: உங்கள் மகளுக்குத் தூக்கம் இல்லை. அந்தம்மா எழுந்து போய் மகளுடைய அறையைத் திறந்துவிட்டாள்.

கூத்தனுக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் சந்தை எதற்கு? கட்டில், கம்பளி விரிப்பு, பித்தளை விளக்கு, மாதுளம்பூத் திரை என்று அவன் கை நீட்டியதையெல்லாம் அந்தம்மா எடுத்துக் கொடுத்தாள். காசை மட்டும் தொடவில்லை.

சங்கந்துறைக்குத் திரும்பியதும் வீட்டுக்குள் ஓர் ஆளையும் விடவில்லை. சுவருக்கு அந்த ஊர்க் கதவின் நீலத்தைப் பூசினான். பிரித்துக் கொண்டுவந்த கட்டிலைப் பூட்டி, அங்கே எந்தப் பக்கம் தலைமாடோ அதே பக்கம் வைத்தான். விளக்கை அதே உயரத்தில் தொங்கவிட்டான். மங்கலை வந்து வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். பிடித்திருக்கிறது என்று கூத்தன் நினைத்துக்கொண்டான்.

நைராவை அழைத்து வந்து கதவைத் திறந்தான்.

அவள் உள்ளே போனாள். திரையைத் தொட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, சின்ன வயதில் தானே கத்தியால் கீறின கோட்டை விரலால் தடவினாள்.

"இது என் கட்டில்."

"உங்க கட்டில்தான்!" என்றான் கூத்தன்.

"என் அம்மா கொடுத்தார்களா?"

"கேட்டதும் குடுத்துட்டாங்க. மறு பேச்சு இல்லை."

"அப்படியானால் அங்கே என் அறையில் இப்போது என்ன இருக்கிறது?"

"என்ன இருக்கும்? சுவத்துல அடிச்ச ஆணியைக்கூட விடலையே நான்."

நைரா எழுந்தாள். "நான் திரும்பி வரமாட்டேன் என்று அம்மா நினைத்துவிட்டார்கள். தை மாதம் வரை நான் காத்திருக்க முடியாது. இந்த வாரம் ஒரு சிறு கூட்டம் கிளம்புகிறது. அதோடு போகிறேன்."

போகும்போது, "மிகவும் உழைத்திருக்கிறீர்கள்" என்றும் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போனால் பவளாயி கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காலடிச் சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது அவளுக்கு. "அந்தப் பொம்பளையத் தூங்க வைக்கச் சொன்னா, எழுப்பி விட்டுட்டியாக்கும்?" என்றாள். சிரித்தாள். சிரித்துவிட்டு, ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள்.

கூத்தன் மங்கலையிடம் ஓடினான். அவள் ஒரு பழைய திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, தப்பு எங்கே?"

அவள் ஊசியை நிறுத்தவில்லை. "அந்தத் தேசத்துல எங்கே அண்ணே தூங்குனீங்க?"

"தூக்கமா? மலை ஏறினதுலேருந்து பொட்டுத் தூக்கம் இல்லை. பேச ஆள் இல்லை. சாப்பாடு தொண்டையிலேயே நிக்குது. கண்ணை மூடினா அலைச் சத்தம் கேக்குமான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கிடப்பேன்."

"ஒரு நாள்கூடவா தூங்கலை?"

"ஒரு நாள்..." கூத்தன் நெற்றியைத் தேய்த்தான். "மலைச்சரிவுல ஒரு வீட்டுல தங்கினேன் தாயி. அங்கே விருந்தாளி படுக்கிற அறையில சுவரெல்லாம் படம். ஒட்டகம், ஏதோ ஒரு மரம், ஒரு கல்யாண ஊர்வலம். ஒரே கை வரைஞ்சது இல்லை. வர்ற விருந்தாளி எல்லாம் அவனவன் ஊரை வரைஞ்சுட்டுப் போறதாம், அந்தத் தேசத்து வழக்கம். எனக்கும் ஒரு கரித்துண்டைக் குடுத்து, காலியா இருந்த இடத்தைக் காட்டுனாங்க."

"நீங்க என்ன வரைஞ்சீங்க?"

"நான் என்னத்தை வரைய? ஒரு கட்டுமரம். கீழே ரெண்டு அலை. அவங்க கடலே பார்த்ததில்லையாம். வீடு மொத்தமும் கூடிருச்சு. இது என்ன, இந்தக் கட்டை ஏன் முழுகலை, இந்தத் தண்ணிக்கு அக்கரை எங்கேன்னு ஒரே கேள்வி. கையாலேயும் காலாலேயும் சொல்லிச் சொல்லி... நான் அலை மாதிரி ஆடிக் காட்டினதுல ஒரு கிழவர் சிரிச்சுச் சிரிச்சுப் பாயிலேயே விழுந்துட்டார். அப்புறம் படுத்தேன். விடிஞ்சதுகூடத் தெரியலை."

மங்கலை நூலைக் கடித்து அறுத்தாள். "இதை ஏன் அண்ணே வந்ததும் சொல்லலை?"

"இதுல வாங்கறதுக்கு என்ன தாயி இருக்கு?"

அவள் எழுந்து, மூலையில் இருந்த கொத்தனார் கரணையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "வாங்க. ஒரு சுவத்து நீலத்தை மட்டும் சுரண்டணும்."

கூட்டம் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், பவளாயிக்குக் கடைசி முறையாக மருந்து போட நைரா அந்தக் கடலைப் பார்த்த வீட்டுக்கு வந்தாள். வாசலில் அவளுடைய கூண்டுவண்டி நின்றது. கட்டில், கம்பளி, விளக்கு, திரை எல்லாவற்றையும் கூத்தன் அதில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"இது எதற்கு?" என்றாள் நைரா.

"உங்க அறை உங்க அம்மா வீட்டுக்குப் போகட்டும்" என்றாள் மங்கலை. "நீங்க போனாலும் அது அங்கே இருக்கணும். போகாட்டியும் அங்கேதான் இருக்கணும்."

நைரா உள்ளே போனாள். அறையில் ஒன்றும் இல்லை. ஒரு சுவருக்கு அப்போதுதான் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஈரம் காயாமல் வெள்ளையாய் இருந்தது. அதன் பக்கத்தில் பாய் போட்டுப் பவளாயி கண்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

மருந்து போட்டுக் கட்டை மறுபடி கட்டும்போது பவளாயி கேட்டாள்: "ஏன் வைத்தியம்மா, போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. எங்க வீட்டு மனுஷன் வந்ததுலேருந்து மலை மலைங்கறார். மலைன்னா என்ன, மணல்மேடு மாதிரி இருக்குமா?"

"மணல்மேடா!" நைரா சிரித்துவிட்டாள். அந்த ஊரில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பவளாயியின் விரலைப் பிடித்து ஈரச் சுவரில் அழுத்தினாள். "இது அடிவாரம். ஏறுங்கள்."

சாந்தில் ஒரு கோடு மேலே போனது.

"ஏறிக்கிட்டே இருக்கே?"

"இன்னும் ஏறுங்கள்."

பவளாயி எழுந்து நின்றாள். எக்கினாள். "அம்மாடி, கை எட்டலை."

"அங்கேதான் மலை தொடங்குகிறது" என்றாள் நைரா.

பிறகு விரல் இறங்கியது. இது ஓடை. இது எங்கள் வீடு. இது பனி விழும் நாளில் அம்மா நிற்கும் இடம். பவளாயி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். பனின்னா உப்பு மாதிரியா? வாயில போட்டாக் கரிக்குமா? ஆடுங்களுக்குக் குளிராதா? நைரா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சாந்து இறுகிக்கொண்டே வந்ததால் இரண்டு பேரும் அவசரம் அவசரமாக ஒரு தேசத்தையே இறக்கி வைத்தார்கள். முழங்கைவரை சுண்ணாம்பு.

முடிந்ததும் நைரா கூத்தனைப் பார்த்தாள். "எங்கள் தேசத்தில் இதை விருந்தாளிக்குத் தருவோம். நானும் எத்தனையோ பேருக்குக் கரித்துண்டு கொடுத்திருக்கிறேன். எனக்கு யாரும் கொடுத்ததில்லை."

கூத்தன் பார்வையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

வெளியே போய் வண்டிக்காரனிடம் அவள் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். பிறகு இவர்களுக்காகத் தமிழிலும் சொன்னாள்: "கட்டிலை ஜன்னல் ஓரமாகவே போடச் சொன்னேன். அடுத்த வருடம் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன்."

மறுநாள் காலையில் கூட்டம் கிளம்பியது. கூண்டுவண்டியும் கட்டிலைச் சுமந்துகொண்டு போனது. வழியனுப்ப வைத்தியச்சி வரவில்லையே என்று எழுப்பப் போனான் கூத்தன். அந்த வீட்டு வாசலில் பவளாயி உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாதே. என் பாயிலதான் படுத்திருக்கு. கோழி கூவுனதுகூட அந்தப் பிள்ளைக்குக் கேக்கலை."

கூத்தன் ஊர் எல்லைக்குத் திரும்பி வந்தான். மங்கலை தனியாக நின்று, வண்டிகள் கிளப்பின புழுதி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயி."

"சொல்லுங்க அண்ணே."

"உப்பு வியாபாரி வீட்டுக்கு வெளியூர்லேருந்து மருமகள் வருதாம். அறை செய்யக் கேட்டிருக்காங்க. இந்தத் தடவை எந்த ஊருக்குப் போய்த் தேடட்டும்?"

மங்கலை முந்தானையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

"எந்த ஊரா இருந்தாலும் சரி அண்ணே. உங்களுக்குத் தூக்கம் வராத ஊராப் பார்த்துப் போங்க. அங்கே எதால தூக்கம் வந்துச்சுன்னு வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவள் கடற்கரைப் பக்கம் நடந்தாள். கூத்தன் புழுதி முழுக்க இறங்கும்வரை நின்றான். பிறகு அவனும் நடந்து போனான்.