காற்றுப் போகாத பெட்டி

மந்தைக்குளத்துக்காரர்களுக்குப் புத்தி குறைச்சல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருக்கிற புத்தியைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஊர் சின்னமாயனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பக்கத்து ஊர் ஈஸ்வரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவளிடம் ஒரு வார்த்தை விட்டுவிட்டான்.

"கல்யாணத்தன்னைக்கு நம்ம வேன் ஒங்க தெருவுல திரும்பும்போதே, ஊஃபர் அடிக்கிற அடியில ஒங்க அடுப்படிப் பாத்திரமெல்லாம் அதிரும் பாரு."

"அதிரலேன்னா?"

"தாலியே கட்டல!"

ஈஸ்வரி சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் சின்னமாயனுக்கு ஞாபகம் வந்தது. வேனில் பாட்டுக்குத் தம் தம்மென்று அடிக்கிற ஊஃபர் ஸ்பீக்கரும் இல்லை, அதற்குப் பெட்டியும் இல்லை.

கூட்டாளிகள் ஒச்சப்பனும் தவமணியும் மதுரைக்குப் போய் ஊஃபர் வாங்கி வந்தார்கள். பெட்டி செய்வதற்குக் கடைக்காரர் பக்குவம் சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளே தாராளமாக இடம் வேண்டும். துளிக் காற்றுகூடக் கசியக் கூடாது. வேனின் பின்பக்கம் பார்த்து வைக்க வேண்டும்.

"தாராளம்னா எம்புட்டு?" என்றான் ஒச்சப்பன்.

"ஒரு ஆளு சம்மணம் போட்டு ஒக்காரணும். அதுக்குமேல என்ன தாராளம்?" என்றான் தவமணி.

சின்னமாயனையே உட்கார வைத்து அளவெடுத்துப் பலகையை அறுத்தார்கள். முன்பலகையில் வட்டமாக வெட்டி ஊஃபரை முடுக்கியாயிற்று. ஒயர் உள்ளே போக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது.

"ஓட்டை போட்டா காத்து போயிருமேடா."

மூவரும் கவலையோடு யோசித்தார்கள். கடைசியில் ஒயரை அழகாகச் சுருட்டிப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டார்கள்.

காற்றுக் கசிகிறதா என்று உள்ளே இருந்து பார்த்தால்தானே தெரியும்? பெட்டி யார் அளவுக்குச் செய்ததோ அவன்தான் போக வேண்டும் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. கல்யாணத்தன்று காலையில், பட்டு வேட்டியோடு சின்னமாயன் உள்ளே உட்கார்ந்தான். பின்பலகையைப் பசை போட்டு ஆணி அடித்தார்கள்.

"மாயா, காத்து வருதா?"

"ஜம்முனு வருதுடா!"

"எங்கேருந்து?"

"இருட்டுல ஒண்ணும் தெரியலையே. டேய், முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, வெளிய விடுங்கடா."

"நீ வெளிய வந்துட்டா, காத்து வருதா இல்லையான்னு யாருடா சொல்றது?"

சின்னமாயன் யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் இருந்தது. "சரி, அப்படியே தூக்கி ஏத்துங்க" என்றான்.

பின்பக்கம் பார்த்து ஏற்றினார்கள். தவமணிக்கு அப்போதுதான் உறைத்தது. "பின்னாடி பாத்து இருந்தா சத்தம் நம்ம ஊருக்குல்ல போகும்? பொண்ணு வீடு முன்னாடில்ல இருக்கு?"

ஒச்சப்பன் வேனை ரிவர்ஸிலேயே ஓட்டினான். எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டித் திட்டினார். "ஊஃபர் பொண்ணு வீட்டப் பாக்கணும்ல அண்ணே!" என்று பணிவாகச் சொன்னான்.

வேன் ஈஸ்வரியின் தெருவுக்குள் பின்பக்கமாகவே வந்து, அடுப்படிச் சுவரை இடிக்கிற மாதிரி நின்றது. பெட்டிக்குள் சின்னமாயன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். சத்தமே இல்லை. பாத்திரம் அதிரவில்லை என்றால் தாலி இல்லை. ஈஸ்வரி இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"டேய், பாட்டப் போடுங்கடா!" என்று இரண்டு கையாலும் பலகையை ஓங்கி ஓங்கிக் குத்தினான்.

தம், தம், தம் என்று சுவர் அதிர்ந்தது. அடுப்படியில் தட்டெல்லாம் கலகலத்தன. பித்தளைக் குடம் ஒன்று பரணிலிருந்து உருண்டது. மணக்கோலத்தில் ஈஸ்வரி வாசலுக்கு ஓடிவந்தாள். "அதிருதுப்பா!"

"அடி பிரமாதம்" என்றார் அவள் அப்பா. "மாப்பிள்ளை எங்க?"

"உள்ளதான் மாமா, காத்து பாக்குறான்" என்றான் தவமணி.

"அடப்பாவிகளா, ஒடைங்கடா பெட்டிய!"

"ஒடைச்சா ஊஃபர் அடிக்காது மாமா" என்று ஒச்சப்பன் பொறுமையாக விளக்கினான். பிறகு திருப்புளியை எடுத்து ஊஃபரை மட்டும் கழற்றினான். வட்ட ஓட்டை வழியாக இரண்டு கைகள் வந்தன. தாலியைக் கொடுத்தார்கள். ஈஸ்வரி குனிந்து கழுத்தை நீட்டினாள். கெட்டிமேளம் முழங்கியது.

"சீக்கிரம் கட்டுடா, காத்து போகுது!" என்று தவமணி பதறினான்.

தடவித் தடவிக் கட்டி முடித்தான். அட்சதையை ஓட்டைக்குள் போட்டார்கள். கைகள் உள்ளே போனதும் ஒச்சப்பன் ஊஃபரை மறுபடி இறுக்கி முடுக்கினான்.

ஈஸ்வரி வேனில் ஏறிப் பெட்டியருகே உட்கார்ந்தாள். வெட்கத்தோடு பலகையைத் தட்டி, கல்யாணமானபின் புருஷனிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"என்னங்க, காத்து வருதா?"

"வருது ஈஸ்வரி."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருங்க."