தூளியில் பதிந்த அஞ்சு விரல்

மழைக்கும் வெயிலுக்கும் நடுவுல ஒரு ஊர் இருந்துச்சாம். அந்த ஊர்ல ஒரே வயித்துல பிறந்த ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டு பேர், பதினஞ்சு வயசு. பொண்ணு பேரு சடச்சி, பையன் பேரு மாயழகு. பதினஞ்சு வருஷம் கழிச்சு அவங்க ஆத்தாவுக்கு இன்னொரு பொண்ணு பிறந்து, இருபது நாள் பச்சைப் புள்ளையா தூளியில கிடந்துச்சாம். அதுமேல ஒரு ஈ உட்கார விடமாட்டா சடச்சி.

அப்போ அந்தச் சீமைக்குள்ள கொள்ளைக்காய்ச்சல்னு ஒரு ராட்சசி வந்தா. அவளுக்குக் காலும் கிடையாது, சிறகும் கிடையாது. பிறகு எப்படி வந்தாங்கிறீங்களா? மனுசங்க கையில ஏறித்தான். கையில இருந்து வாய்க்கு, வாயில இருந்து நெஞ்சுக்கு. கண்ணுக்கு மட்டும் தெரியவே மாட்டா. ராசா ஊரூரா தண்டோரா போட்டார்: "கையைக் கழுவு! மூக்கை மூடு! எட்டி நில்லு!"

சடச்சியும் அவ கூட்டாளிப் பொண்ணுங்களும் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. ராட்சசி வந்து கிணத்துக் கயித்துல உட்கார்ந்தா. காலையில சடச்சி கையில ஏறினா, சாம்பல் போட்டுத் தேய்ச்சதுல உதிர்ந்தா. மத்தியானம் ஏறினா, பூந்திக்கொட்டை நுரையில வழுக்கினா. சாயங்காலம் ஏறினா, மூணு தண்ணி ஊத்தினதுல அடிச்சுக்கிட்டுப் போயிட்டா. "அடிப்பாவிகளா, இந்தப் பொட்டப்பிள்ளைங்க கையில ஒரு நாழிகை உட்கார முடியலையே!"ன்னு புலம்பிக்கிட்டு, யாரோ ஒரு வழிப்போக்கன் கையைப் பிடிச்சுப் பக்கத்து ஊருக்குப் போனா. அங்க மூணு வீட்டுல ஆள் படுத்துருச்சு.

அந்தப் பக்கத்து ஊர்லதான் ரெண்டு நாள் கழிச்சு சடுகுடுப் போட்டி! மாயழகு கூட்டத்துக்கு ஒரு வழக்கம். உள்ளங்கையில துப்பி, கோட்டு மண்ணை அள்ளித் தேய்ச்சுக்குவாங்க. போட்டி முடியிற வரைக்கும் கையில தண்ணி படக்கூடாது. கழுவின கையில பிடி நிக்காதாம்.

"டேய், அந்த ஊருக்குப் போகாதே. போனாலும் கையைக் கழுவாம வீட்டுக்குள்ள வராதே"ன்னா சடச்சி.

"போடி, பயந்தாங்கொள்ளி! காய்ச்சல் வந்தா கோட்டைத் தாண்டறதுக்குள்ள காலை வாரி விட்டுருவேன்."

"உன்னைச் சொல்லலைடா, பாப்பாவைச் சொல்றேன்."

"பாப்பாவை நான் தொடவே மாட்டேன், போதுமா?"

சடச்சி யோசிச்சா, யோசிச்சா, விடியிற வரைக்கும் யோசிச்சா. விடிஞ்சதும் மஞ்சளை இடிச்சுக்கிட்டுப் போய், உள்ளூர்ல பசங்க ஆடிப் பழகுற ஆடுகளத்து மண்ணுல கலந்துட்டு வந்துட்டா. மண்ணோட மண்ணா மஞ்சள் தெரியவே இல்லை. பசங்க வந்தாங்க, துப்பினாங்க, தேய்ச்சாங்க, ஆடிப் பார்த்தாங்க. மாயழகு பசியோட வீட்டுக்கு ஓடி வந்தான். வந்தவன் பானையில மொண்டு குடிச்சான், அய்யா தோள்ல ரெண்டு தட்டு தட்டினான், சோத்துச் சட்டியைத் திறந்தான்.

ஆரத்தி எடுக்க ஆலம் கரைக்கிறப்ப மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்ந்தா ரத்தமாட்டம் சிவக்குமே, பார்த்திருக்கீங்கல்ல? சடச்சி சுண்ணாம்புத் தண்ணியில துணியை நனைச்சுக்கிட்டு, மாயழகு நடந்த வழியே நடந்தா. பானை வாயில ஒத்தினா, சிவந்துச்சு. அய்யா துண்டுல ஒத்தினா, சிவந்துச்சு. சட்டி மூடியில ஒத்தினா, சிவந்துச்சு.

"என்னடி மாயம் இது?"ன்னு சிரிச்சான் மாயழகு.

"உன் கை போன வழிடா. கோட்டு மண்ணுல மஞ்சள் கலந்திருந்தேன்."

"பானையைத் தொட்டேன், சட்டியைத் தொட்டேன், ஒத்துக்கிறேன். பாப்பாவைத் தொட்டேனா?"

சடச்சி தூளிகிட்டப் போய்த் துணியை ஒத்தினா. பாப்பா தலைமாட்டுக்கு நேரா அஞ்சு விரலும் பளிச்சுனு சிவந்து வந்துச்சு. உள்ள நுழைஞ்ச வேகத்துல தூளியை ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போனது அவனுக்கே நினைவில்லை. பாப்பா அந்த விரல் பட்ட ஓரத்தைத்தான் வாயில வச்சுச் சப்பப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. சடச்சி வெடுக்குனு இழுத்துட்டா.

"இன்னைக்கு மஞ்சள். நாளைக்கு நீ அந்த ஊர்ல இருந்து வர்றப்போ?"

மாயழகு ஆத்தா பக்கம் திரும்பினான். "ஆத்தா, பானையைத் தொடுமுன்ன கையைக் கழுவுன்னு சடச்சிக்கு அஞ்சு வயசுலயே சொன்னியே. எனக்கு ஏன் சொல்லலை?"ன்னு கேட்டான்.

"ஆம்பளப்பிள்ளைதானேன்னு விட்டுட்டேன்டா. தப்பு என்மேலதான்"னா ஆத்தா.

அவன் ஒரு குடம் தண்ணியும் ஒரு கூடை சாம்பலும் தூக்கிக்கிட்டு, துண்டை மூக்குக்கு மேல கட்டிக்கிட்டுக் களத்துக்குப் போனான். "போட்டி கிடையாது. எல்லாரும் கையை நீட்டுங்க."

"என்ன மாப்ளே, வளையலும் மாட்டிக்கிட்டியா?"ன்னு கூட்டமே சிரிச்சுச்சு.

"வளையல் போட்ட கைங்கதான்டா இத்தனை நாளும் நம்ம ஊரைக் காப்பாத்துச்சு. எங்க வீட்டுத் தூளியை வந்து பாருங்க, அப்புறம் சிரிங்க."

போய்ப் பார்த்தாங்க. ஒருத்தனும் சிரிக்கலை. வரிசையில நின்னு, சடச்சி காட்டின மாதிரி நகக்கண்ணு வரைக்கும் தேய்ச்சாங்க. பக்கத்து ஊருக்கும் சொல்லி அனுப்பினாங்க. அங்கேயும் கழுவினாங்க.

ராட்சசி அந்த ஊர்க் களத்துல ஒரு கைக்காகக் காத்திருந்தா. முதல் நாள் கை வரலை. ரெண்டாம் நாள் கை வரலை. மூணாம் நாள் வெயில்ல சருகாக் காய்ஞ்சு, காத்து அவளைக் கொண்டுபோயிடுச்சு.

பாப்பாவுக்குப் பேர் வைக்கிற அன்னைக்கு, முழங்கை வரைக்கும் கழுவிட்டு வந்த மாயழகு, "இப்போ தொடலாமா?"ன்னு சடச்சியைத்தான் கேட்டான். அவ அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, பாப்பாவைத் தூக்கி அதுல வச்சா.

சுத்தம் பெண்ணுக்குன்னு ஒண்ணு, ஆணுக்குன்னு ஒண்ணு கிடையாது. முதல்ல கத்துக்கிட்டவங்க காவல் நின்னாங்க, அவ்வளவுதான். கதை காத்தோட போச்சு, நாம கை கழுவப் போவோம்.