வலது கையின் வயது

பாக்குத் தோப்புக்கு நடுவே இருந்த அந்த மடத்தில் குருவுக்கு நாற்பத்தொரு வயது, சீடருக்கு அறுபது. புதிதாக வருகிறவர்கள் ஆளை மாற்றிக் கும்பிட்டுவிடுவார்கள். குருவான வடிவாம்பிகை அம்மை அதை ரசிப்பார். சீடர் அத்தியப்பனுக்குத்தான் கூச்சம் பிடுங்கித் தின்னும்.

அத்தியப்பன் முப்பத்துமூன்று வருடம் ஆத்தூர் தடத்தில் பஸ் ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு மடத்துக்கு வந்தார். பற்றையெல்லாம் விட்ட மனுஷர், பஸ் பேச்சை மட்டும் விடவில்லை. வண்டி என்னவோ முதலாளியுடையதுதான். ஆனாலும் வெயிலில் நின்றால் பெயின்ட் வெளுத்துவிடும் என்று புளியமரமாகத் தேடிப் பிடித்து நிறுத்துவாராம். நிழல் கிடைக்காத ஊரில் டயருக்கு ஈரச்சாக்கு போடுவாராம். சோற்றுக்கு உட்கார்ந்தால் இதே கதை. கேட்டுக் கேட்டுச் சமையல்காரருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

வருகிற பௌர்ணமியில் அவருக்குத் தீட்சை. அதற்கு முந்தைய நாற்பத்தெட்டு நாளும் எண்ணெய், சந்தனம், முகம் பார்க்கும் கண்ணாடி எதையும் தொடக்கூடாது என்பது மடத்து வழக்கம். பத்தாம் நாள் அவருடைய வலது முன்கையில் சொரசொரவென்று ஒரு திட்டு எழும்பியது. சேலத்துத் தோல் டாக்டர் அதைக் குளிரால் உறையவைத்து எடுத்தார். பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் சேர்த்து வைக்கச் சொன்னார். இடது கை அறுபது வயதுக் கைதான். அத்தனை வருடம் பஸ் ஜன்னலோரம் கிடந்த வலது கைக்கு எழுபத்தைந்து சொல்லலாம்.

அசட்டையாக இருந்தால் அடுத்தது புற்றாகக்கூட மாறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிழலில் நில்லுங்கள், துணியால் மூடுங்கள், மூட முடியாத இடத்துக்கு சன்ஸ்கிரீன் பூசுங்கள் என்றார். வெயிலில் ஒரு கதிர் மேல்தோலைச் சுடும், இன்னொன்று உள்ளே இறங்கி மெல்லக் கெடுக்கும். இரண்டையும் தடுக்கிற மாதிரி, எஸ்பிஎஃப் ஐம்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். வாசனை போட்டது அவருக்கு அரிக்கும் என்பதால் வாசனையில்லாத துத்தநாகக் களிம்பு. தோப்பு வேலையில் வியர்த்துக் கொட்டும் என்பதால் சட்டென்று கரையாதது. வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணிக்கொருதரம், அதுவும் தாராளமாக.

வாங்கி வந்தார். ஆனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. களிம்பு பூசுகிறவனுக்குத் தீட்சை ஏது என்ற பயம். மூட்டைக்குள் ஒளித்துவைத்து, ஆள் எழும்பும் முன் கடுகளவு தொட்டுத் தடவிக்கொள்வார். அந்தத் தடவல் காலை எட்டு மணிகூடத் தாங்காது. முப்பதாம் நாள் அதே இடம் மறுபடி சிவந்தது.

அன்று அம்மையிடம் போய் நின்றார்.

"சாமி, உடம்பைப் பேணுறது பற்றுதானே?"

அம்மை சுண்ணாம்பு வாளியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"பாக்கு மரத்துக்குப் பூசிட்டு வாங்கண்ணா. தென்மேற்குப் பக்கம் மட்டும் போதும்."

பிற்பகல் வெயில் மரத்தை வாட்டுவது அந்தப் பக்கத்தில்தான். அத்தியப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார். பாதித் தோப்பு தாண்டும்போதே சுண்ணாம்பு குறைந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிச்ச மரங்களுக்கும் ஒப்பேற்றினார்.

சாயங்காலம் அம்மை வந்து கடைசி வரிசையில் ஒரு மரத்தைத் தடவிப் பார்த்தார். வெள்ளைக்கு அடியில் பட்டை பச்சையாகத் தெரிந்தது.

"இது நம்ம கண்ணுக்குப் பூசின மரம்" என்றார். "வெயிலுக்குப் பூசாத மரம்."

அத்தியப்பனுக்குச் சுருக்கென்றது. மறுநாள் கெட்டியாகக் கரைத்துப் பூசினார். அதற்கடுத்த நாள் கோடை மழை வந்து பாதியைக் கழுவிக்கொண்டு போயிற்று. அம்மை மறுபடி வாளியை நீட்டினார். அவர் முனகாமல் வாங்கிக்கொண்டார். உண்மையில், அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

தோப்புக் கோடியில் ஒரு மரம் இடுப்பளவில் முறிந்து கிடந்தது. முறிந்த இடத்தில் நீளமாக ஒரு பழைய வெடிப்பு.

"காத்துல விழுந்ததா சாமி?"

"காத்து போன மாசம் அடிச்சது. மரம் வெந்தது ஆறு வருஷம் முன்னாடி. அந்தக் கோடையில நான் பூசலை."

அத்தியப்பனின் இடது கை தானாகப் போய் வலது முன்கையை மூடிக்கொண்டது. பிறகு விறுவிறுவென்று மடத்துக்குப் போய், மூட்டையை அவிழ்த்து, டியூபைக் கொண்டுவந்து அம்மையிடம் கொடுத்தார். டாக்டர் சொன்னது, தான் ஒளித்தது, கடுகளவு தடவியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது.

அம்மை டியூபைத் திருப்பித் திருப்பி, அச்சிட்டிருந்ததை நிதானமாகப் படித்தார்.

"நல்லதாத்தான் வாங்கியிருக்கீங்க. பௌர்ணமிக்குத் தோப்பை வலம் வர்றது பகல் பத்து மணிக்கு. இதைப் பூசிக்கிட்டு வாங்க. நடுவுல ஒருதரம் நிக்கிறோம், மறுபடி பூசிக்கிடலாம்."

அத்தியப்பனுக்குக் கண் கலங்கியது. இருந்தாலும் மனசு ஆறவில்லை.

"அப்போ வழக்கம் என்னாகிறது? உடம்பு நானில்லைன்னு நீங்கதானே சாமி தினமும் சொல்லித் தர்றீங்க?"

"ஆமா, சொல்றேன்" என்றார் அம்மை. டியூபை அவர் உள்ளங்கையில் வைத்தார். "புளியமரமாத் தேடித் தேடி நிறுத்தினீங்களே, அந்தப் பஸ் நீங்களா அண்ணா?"

அத்தியப்பன் மூடியைத் திறந்து, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினார்.