தணிகாசலம் அடித்த கோல்

வடசென்னையில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு மைதானம். மத்தியான வெயிலில் அங்கே நாய்கூட நிற்காது. அந்த வெயிலில்தான் ரூபன் வந்து நின்றான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த எபினேசர் மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். டவுசர் போட்ட வயதிலிருந்து ரூபனுக்குக் கால்பந்து பழக்கியவர் அவர்தான்.

"சாப்ட்டியாடா?"

"பசிக்கல மாஸ்டர்."

பசி எப்படி எடுக்கும்? போன சீசன் வரைக்கும் ஃபார்வர்டு ரூபன் என்றால் ஏரியாவே தலையில் தூக்கி வைத்து ஆடியது. இப்போது கிளப், நீ வேண்டாம் போ என்று அனுப்பிவிட்டது. டீக்கடைப் பக்கம் போனால், "உள்ள போற பந்துக்கு வழி காட்டுனவன் வர்றான் பாரு" என்று கிண்டல். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"கோயம்புத்தூர் டீம் கோச் இன்னைக்கு உங்களுக்கு போன் பண்றேன்னாரு மாஸ்டர். உங்களக் கேட்டுட்டுதான் எடுப்பாராம். இதுவும் போச்சுன்னா என் ஆட்டம் அவ்ளோதான். மூட்ட தூக்கத்தான் போகணும்."

"பேசலாம். அதுக்கா இந்த வெயில்ல வந்த?"

ரூபன் காலால் மண்ணைக் கிளறினான்.

"அன்னைக்கு நான் பண்ணது என்ன தப்பு மாஸ்டர்? கோல் முன்னாடி பந்தப் பாத்தா விடாதன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? கால் தானா போச்சு."

அன்றைக்கு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேல் டிவிஷன், டிரா ஆனால் கிடையாது. முடியப்போகிற நேரத்தில் ஒரு கார்னர். டிஃபென்டர் தணிகாசலம் முன்னால் ஏறி வந்து தலையால் முட்டினார். அத்தனை வருஷத்தில் ஒரு கோல்கூட அடிக்காத மனிதர். அவருக்கு அதுதான் கடைசி ஆட்டம் வேறு. கோல்கீப்பர் ஏமாந்துவிட்டான். பந்து தானாக உருண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. எதிராளிகள் எல்லோரையும் தாண்டிக் கோட்டருகே நின்ற ரூபன் அதைத் தொட்டுத் தள்ளினான். அங்கே நிற்கிறவன் தொட்டால் ஆஃப்சைடு. கோட்டோர நடுவரின் கொடி ஏறிவிட்டது. கோல் செல்லாது.

தணிகாசலத்துக்கு அது தெரியாது, பாவம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். கிட்டே போன பிறகுதான் அவர்கள் முகத்தைப் பார்த்தார்.

மாஸ்டர் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வா. கோட்டுகிட்ட நில்லு. நான் அடிக்கிறேன், நீ தொடாத."

கீப்பர் இல்லாத வெறும் கோல். மாஸ்டர் மெல்லத் தட்டிவிட்டார். பந்து ரூபனின் கால்விரலை உரசுகிற மாதிரி உருண்டு உள்ளே போயிற்று. ரூபன் அசையவில்லை.

"யார் கோல்?"

"உங்க கோல் மாஸ்டர்."

"கால் தானா போகலயா?"

"இது சும்மாதானே மாஸ்டர். இத யாரு கணக்குல சேக்கப் போறாங்க?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. அந்த சீசனில் அதிக கோல் அடித்தவன் என்று பேர் வாங்க அவனுக்கு ஒரே ஒரு கோல் குறைந்தது. அந்தக் கணக்கை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மாஸ்டரை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

மாஸ்டரின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் மாஸ்டர், கோயம்புத்தூர்லேருந்து பேசறேன். அந்த ரூபன் எப்படிங்க? கோல் முன்னாடி பந்து கெடச்சா விட்ரமாட்டானே?"

"அவன் இங்கதான் நிக்கிறான். அவனையே கேளுங்க."

"விடவே மாட்டேன் சார்!" மாஸ்டர் போனை நீட்டி முடிப்பதற்குள் ரூபன் சொல்லிவிட்டான்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "அதுதான் தம்பி வேணும். திங்கக்கிழமை பெட்டியோட வந்துரு."

போன் அடங்கியது. கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் ரூபனுக்குச் சந்தோஷம் வரவில்லை. மாஸ்டர் வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"மாஸ்டர், கெளம்பறதுக்கு முன்னாடி தணிகா அண்ணனப் போய்ப் பாக்கட்டுமா? அன்னையிலேருந்து அவர் மூஞ்சில நான் முழிக்கல. என்ன கேப்பாரோன்னு பயமா இருக்கு."

"போய்ப் பாரு," என்றார் மாஸ்டர். "'டீம் கெடச்சுதாடா தம்பி'ன்னுதான் கேப்பான். டெய்லி காலைல இங்க வந்து என்கிட்ட அதத்தான் கேட்டுட்டுப் போறான்."