உன் இஷ்டம்

பூதலிங்கம் அன்றைக்கு மலையேறியது தரிசனத்துக்கு அல்ல, வழக்குச் சொல்ல. வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டேதான் ஏறினார். நியாயம் தன் பக்கம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை.

மருந்துவாழ் மலையின் பாதி உயரத்தில், ஒரு பாறைச் சரிவுக்கு அடியில் சாமியம்மாவின் குடில். அவளுக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம். முன்னே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஏன் இங்கே வந்தாள் என்று கேட்பவர்களிடம், கீழே சத்தம் ஜாஸ்தி என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. பூதலிங்கத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். தன்னைவிடச் சின்னவளைக் குரு என்று கும்பிட அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளைச் சாமி என்பார். இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

வந்து போன முதல் வருஷம் அவர் தன்னைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் சொல்லிவிட்டார்.

“சாமி, எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு ஊர்ல சொல்லுவாவ. ஆனா நான் ஒருத்தரோட குடும்பமாத்தான் இருக்கேன். அவரும் ஆம்பளதான்.”

சாமியம்மா கொஞ்சம் யோசித்தாள். “சமையல் யாரு?”

“அவருதான்.”

“நல்லா இருக்குமா?”

பூதலிங்கத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்துதான் அவர் சீடர்.

அந்த ‘அவர்’ வேதமணி. கோட்டாற்றில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பதினைந்து வருஷமாக இருவருக்கும் ஒரே வீடு. ‘ரெண்டு அண்ணாச்சி வீடு’ என்றால் தபால்காரருக்கு விலாசம் வேண்டாம். தெருவுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டால், தெரியும், ஆனால் தெரியாது. நம்ம ஊர் அப்படித்தானே. ராத்திரிச் சாப்பாடு மட்டும் அந்த வீட்டில் எப்போதும் சேர்ந்துதான். மழையில் எங்காவது லைன் அறுந்து பூதலிங்கம் வர எவ்வளவு நேரமானாலும், வேதமணி மீன்குழம்பை மூடி வைத்துவிட்டு வெறும் வயிற்றோடு காத்திருப்பார். காத்திருந்துவிட்டு, “வந்தாச்சா பூதம்” என்று ஒரு கேலியும் உண்டு.

வழக்கு இதுதான்.

போன வருஷம் ஒருநாள் வேதமணி கட்டிலில் உட்கார்ந்து நேராகவே சொன்னார். உடம்பு ஆசை தனக்கு விட்டுப் போய்விட்டது, இனிமேல் அது வேண்டாம், பூதலிங்கத்தின் மேல் ஒரு குறையும் இல்லை, அன்பும் குறையவில்லை என்றார். பூதலிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார். மனசாரத்தான் சொன்னார். ஆனால் அவருடைய உடம்பு சரி என்று சொல்லவில்லை. பக்கத்து இலைக்காரருக்குப் பசி இல்லை என்றால் நம் பசி போய்விடுமா? மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். இந்த வயசில் என்ன இது என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்புறம் தக்கலையில் ஒருவர் பழக்கமானார்.

ஒளித்து வைக்க பூதலிங்கத்துக்கு மனம் வரவில்லை. அது அவருடைய நல்ல குணம், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு சாயங்காலம் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்று, அடுக்களையில் இருந்த வேதமணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தக்கலைக்காரரைப் பற்றிச் சொன்னார், தான் படும் பாட்டைச் சொன்னார், இந்த வீட்டை விட்டு எங்கேயும் போய்விட மாட்டேன் என்றும் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கொஞ்சம் வேகமாகவே சொன்னார். போய்விட்டு வரட்டுமா என்று கேட்டார்.

வேதமணி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “உன் இஷ்டம்,” என்றார்.

பூதலிங்கம் போய்விட்டு வந்தார். அதற்குப் பிறகும் போனார்.

வேதமணி ஒரு சண்டையும் போடவில்லை. குரலை உயர்த்தவில்லை. தான் மட்டும் முந்திச் சாப்பிட்டுவிட்டு, பூதலிங்கத்தின் பங்கை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். கோபமா என்று கேட்டால், எனக்கென்ன கோபம் என்றார். பூதம் என்று கூப்பிடுவது நின்றுபோனது. இப்போது பெட்டியும் கட்டிவிட்டார். நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், மார்த்தாண்டத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் புறப்படுகிறாராம். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. திரும்பி வருவாரா என்பதே பூதலிங்கத்துக்கு நிச்சயமில்லை.

இவ்வளவையும் சாமியம்மாவிடம் கொட்டிவிட்டு, கடைசியில் கேட்டார்.

“கேட்டுட்டுத்தான் போனேன், சாமி. திருட்டுத்தனம் கிடையாது. அவனும் சரின்னான். சரின்னு சொல்லிட்டு இப்ப வீட்டை விட்டுப் போறேன்னா, இது என்ன நியாயம்?”

சாமியம்மா உள்ளே போய் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள். தானும் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தாள்.

பூதலிங்கமும் உருவினார். வெயில் பாறையில் ஏறியது. அவள் பேசுவாள் என்று பார்த்தார், பேசவில்லை. வழக்கோடு வந்தவன் கையில் கீரையைக் கொடுத்தால் எவனுக்குத்தான் எரிச்சல் வராது? ஒன்றுக்கு இரண்டு தடவை செருமிப் பார்த்தார். அவள் அடுத்த காம்பை எடுத்தாள். சரி, இங்கேயும் நமக்கு ஆள் இல்லை என்று எழுந்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, அங்கே நின்றபடியே கேட்டார்.

“அப்ப நான் இறங்கட்டா, சாமி?”

அவள் தலை நிமிரவில்லை. “உங்க இஷ்டம்.”

பூதலிங்கம் ஒரு படி இறங்கினார். அடுத்த படிக்குக் கால் போகவில்லை. நான் என்ன தப்பாகப் பேசிவிட்டேன் என்று யோசித்தார். இப்படியே இறங்கிவிட்டால் அடுத்த சனிக்கிழமை எந்த முகத்தோடு ஏறி வருவது என்று யோசித்தார். வெயிலில் கழுத்து நனைந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டு, பழைய இடத்திலேயே உட்கார்ந்து ஒரு கீரைக் காம்பை எடுத்தார்.

“போகலையா அண்ணாச்சி?”

“இல்ல, சாமி.”

“நான்தான் சரின்னுட்டேன்லா.”

“நீங்க சொன்னது சரின்னு சொன்ன மாதிரி இல்லையே.”

“பின்னே?”

“போனா அப்படியே போயிருன்னு சொன்ன மாதிரி இருந்தது.”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. விரல்கள் காம்பிலேயே நின்றுவிட்டன.

மௌனம் சம்மதம் என்று எவனோ சொல்லி வைத்துவிட்டுப் போனான். ‘உன் இஷ்டம்’ சம்மதம் என்று அவன்கூடச் சொல்லவில்லை. நம் வீடுகளில் நடை பழகுகிற பிள்ளைக்கே அந்த வார்த்தை புரியும். அம்மா ‘உன் இஷ்டம்’ என்றால், கையில் எடுத்ததை அது பேசாமல் இருந்த இடத்தில் வைத்துவிடும். பூதலிங்கத்துக்கா தெரியாது? அந்தச் சாயங்காலம் வாசலில் நின்றபோதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனாலும் வழக்கை அப்படி லேசில் விட மனசு வருமா.

“அவனுக்கும் வாய் இருக்குல்லா, சாமி? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினஞ்சு வருஷத்துல நான் அவன் பேச்சைத் தட்டுனதே கிடையாது.”

“சொல்லியிருக்கலாம்,” என்று சாமியம்மா ஒத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்துக் கேட்டாள், “பெட்டி கட்டும்போது அவரு உங்ககிட்ட ஏதும் கேட்டாரா?”

இதை மட்டும் பூதலிங்கம் சொல்லாமல் விட்டிருந்தார்.

“கேட்டான். பெட்டியைத் தூக்கி வாசப்பக்கத்துல வச்சிட்டு, ‘நான் தங்கச்சி வீட்டுக்குப் போகட்டா’ன்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“‘உன் இஷ்டம்’னு சொன்னேன்.”

“போயிட்டு வான்னு சொன்னீங்களா?”

“இல்ல, சாமி.” குரல் உடைந்துவிட்டது. “போகாதேன்னுதான் சொன்னேன். அது அவனுக்குப் புரியலையேன்னுதான் ரெண்டு ராத்திரியா அழுதுட்டுக் கிடக்கேன்.”

சாமியம்மா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் குடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். தக்கலைக்கு இனிமேல் போவதில்லை, அந்த மனிதருக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுவேன், எனக்கு எதுவும் வேண்டாம், வேதமணி இருந்தால் போதும் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே தன் தியாகம் பிடித்துப்போனது. முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது.

“அவரு அதைக் கேட்டாரா?” என்றாள் சாமியம்மா.

“எதை?”

“தக்கலைக்குப் போகாதேன்னு.”

“கேக்கலை. ஆனா அதுதானே…”

“அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?”

பூதலிங்கத்தின் முகத்தில் வந்த தெளிவு அப்படியே போய்விட்டது. வேதமணிக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்த்தார். தான் போவதே அவனுக்குப் பொறுக்கவில்லையா, போய்விட்டு வந்து ஒன்றும் நடக்காத மாதிரி சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவது பொறுக்கவில்லையா? தான் அவனைக் கேட்ட விதம்தான் பொறுக்கவில்லையா? ஒருவேளை உட்கார்ந்து பேசியிருந்தால் மனசாரவே சரி என்றிருப்பானோ, என்னவோ. பதினைந்து வருஷம் கூட இருந்தும் இது ஒன்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது அவரைப் பயமுறுத்தியது.

“அப்ப நான் ஆசைப்பட்டது தப்பா, சாமி?”

“ஆசையைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலையே.”

“அவன் வேண்டாம்னு சொல்லிட்டான்னா நான் தாங்குவேனான்னு தெரியலை. எனக்கும் உடம்புன்னு ஒண்ணு இருக்கு. அவன் சரின்னு சொன்னாலும் பயமா இருக்கு. எதைச் சொன்னாலும் ரெண்டு பேருல ஒருத்தருக்கு வலிக்கத்தான் செய்யும்.”

“இதை அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?”

“இல்ல.”

“எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?”

அவள் உருவின கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டாள். காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பூதலிங்கம் எழுந்து நின்று அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பொழுது இன்னும் இருந்தது. இப்போது இறங்கினால் வேதமணி கடையைப் பூட்டிவிட்டு வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடலாம். குடிலை விட்டு வெளியே வந்தவர், செருப்பின் பக்கத்தில் போய் நின்றார். மாட்டிக்கொள்ளவில்லை. ஒரு சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பி உள்ளேயே வந்தார்.

“கேக்கேன், சாமி. இன்னைக்கே கேக்கேன். ஆனா அவனை எனக்குத் தெரியும். நான் எவ்வளவு கேட்டாலும் அவன் மறுபடியும் ‘உன் இஷ்டம்’னுதான் சொல்லுவான். அப்ப நான் என்ன செய்ய?”

“கொஞ்சம் முன்னாடி நான் சொன்னப்ப என்ன செஞ்சீங்களோ, அதைச் செய்யுங்க,” என்றாள் சாமியம்மா. “செருப்பைக் கழத்திட்டு உக்காருங்க.”